இலவச அனுமதியும் பறிக்கப்பட்ட மணலும்



ஆகஸ்ட் வந்தால் எங்கள் மாணவர் குழுவில் யாராவது ஒருவர் அந்த வீடியோவைப் போட்டுவிடுவார். கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊர். கடலுக்குள் நீளும் பாலம், அதன் பக்கத்து மணலில் தொழில்முறை பீச் வாலிபால், சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம். 1960இல் தொடங்கிய மன்ஹாட்டன் பீச் ஓப்பன் போட்டி இது. அந்த ஆட்டத்தின் விம்பிள்டன் என்றே சொல்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு வரியும் வரும்: "மணல்ல நின்னு பாக்க டிக்கெட்டே கிடையாது, யார் வேணா போகலாம். விளையாட்டுல சாதியும் இல்ல, நிறமும் இல்ல."

யார் வேண்டுமானாலும் போகலாமா? அங்கே உட்கார வேண்டியவர்கள் ஏன் உட்கார முடியாமல் போனார்கள் என்ற கதை அந்தக் குழுவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்புவரை எங்களுக்கும் தெரியாது.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். முந்தைய போட்டிகளில் சேர்த்த புள்ளிகளை வைத்து ஜோடிகளை வரிசைப்படுத்துகிறார்கள். மேலே இருப்பவர்கள் நேராகப் பிரதானச் சுற்றுக்குப் போகிறார்கள். கீழே இருப்பவர்கள் வார நாளிலேயே வந்து தகுதிச் சுற்று ஆட வேண்டும். அதில் ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்; பயணச் செலவும் அவரவர் கைக்காசு. பிரதானச் சுற்றில் ஒருமுறை தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த ஜோடி தோற்றவர் பக்கத்துக்கு இறங்கி, வெயிலில் கூடுதல் ஆட்டங்கள் ஆடித்தான் மேலே ஏற வேண்டும். ஜெயித்தவர்கள் நிழலில் காலை நீட்டியிருப்பார்கள். எந்தப் போட்டிக்கும் ஏதோ ஒரு வரிசை தேவை என்பதால் இதோடு எங்களுக்குப் பெரிய சண்டை இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பரிசுத்தொகை என்பதை மனதாரப் பாராட்டவும் செய்கிறோம்.

ஆனால் அட்டவணை எழுதுபவரின் கை எங்களுக்குப் பழக்கமானது. நாங்கள் வேலை செய்யும் ஓர் ஊரில் பொங்கலுக்கு வாலிபால் போட்டி நடக்கும். காலனி அணியின் ஆட்டம் எப்போதும் காலை 7 மணிக்கு, பனி விலகாத நேரத்தில், நடுவரையும் நாலு நாய்களையும் தவிர யாரும் இல்லாத திடலில். கேட்டால், சீட்டுக் குலுக்கிப் போட்டோம் என்பார்கள். மூன்று வருடமும் அதே சீட்டுதான் விழுந்தது.

மன்ஹாட்டன் பீச்சின் சீட்டை 1924இல் குலுக்கினார்கள்.

அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1912இல், வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் அந்தக் கடற்கரையில் 1,225 டாலருக்கு ஒரு மனை வாங்கினார். கணவர் சார்லஸ் ரயிலில் சமையல்காரர். கறுப்பின மக்கள் கடலில் குளிக்கவே விரட்டப்பட்ட காலம் அது. வில்லா அங்கே ஒரு விடுதி நடத்தினார். சாப்பாடு, நடனக்கூடம், வாடகைக்குக் குளியல் உடை எல்லாம் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் கயிறு கட்டி வழியை மறித்ததால், எதிரே தெரியும் தண்ணீரில் கால் நனைக்க அரை மைல் சுற்றி நடக்க வேண்டியிருந்தது. வண்டி நிறுத்த 10 நிமிடம்தான் என்று போலிப் பலகைகள் முளைத்தன. எதற்கும் அவர்கள் மசியவில்லை. அதனால் சட்டத்தை எடுத்தார்கள்.

பொதுப் பயன்பாட்டுக்குப் பூங்கா வேண்டும் என்று சொல்லி 1924இல் நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தத் தீர்மானித்தது. புரூஸ் குடும்பம் வழக்காடியது. கடைசியில் கிடைத்தது 14,500 டாலர். சொந்த விடுதி நடத்தியவர்கள் மீதி வாழ்நாளை அடுத்தவர் சமையலறையில் கழித்தார்கள். அவ்வளவு அவசரமாகக் கேட்ட பூங்கா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலம் சும்மா கிடந்தது. கறுப்பின மக்கள் வெளியேறினார்கள். ஊர் வெள்ளையர் ஊரானது. இன்றும் அங்கே கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அப்படி 'சுத்தம்' செய்யப்பட்ட கடற்கரையில்தான் 1960இல் வலை கட்டினார்கள். வென்றவர்களின் பெயரைப் பாலத்தின் தரையில் வெண்கலத்தில் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பூங்காவுக்கு புரூஸ் பெயர் வந்தது 2007இல்தான்.

போட்டி நடத்துபவர்களா நிலத்தைப் பறித்தார்கள் என்று கேட்பீர்கள். இல்லை. தொழில்முறை வீரர்களின் அமைப்பான ஏவிபி 1983இல்தான் பிறந்தது. அதுவும் வீரர்களின் சங்கமாக. 1984இல் ரெடோண்டோ பீச்சில் உலகப் போட்டியையே புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். தங்கள் ஆட்டத்தின் விதியைத் தாங்களே எழுத வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்கள். அந்தச் சங்கம் பிறகு திவாலாகி, கைமாறி, கம்பெனியாகிவிட்டது தனிக்கதை. காலடி மணல் யாருடையது என்ற கேள்வியை அந்த ஊர் பல பத்தாண்டுகள் யாரையும் கேட்க விடவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு. கடற்கரை எல்லோருக்கும் பொது என்று கலிபோர்னியா 1976இல் சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பக்கத்தில் வீடு வைத்திருப்பவன் செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறான். விரட்டப்பட்டவளின் பேத்தி ஊர்தாண்டி வந்து, வண்டி நிறுத்த இடம் தேடுகிறாள். இருவருக்கும் அனுமதி இலவசம்!

2021இல் மாநிலம் தனிச் சட்டம் போட்டு, 2022இல் நிலம் வாரிசுகளிடம் திரும்பியது. 2023இல் அவர்கள் அதைக் கவுன்டி நிர்வாகத்துக்கே ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு விற்றார்கள். ஏன் விற்றார்கள் என்று நம் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். விற்பதும் உரிமையில் ஒரு பகுதிதான், தோழர். பறிகொடுத்தவனிடம் மட்டும் தியாகம் கேட்காதீர்கள்.

நமக்கும் இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம். அதை மீட்கப் போன காரணையில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அங்கே நூறு ஆண்டு கழித்தாவது பத்திரம் திரும்பி வந்தது. இங்கே நிலம் யார் கையில் இருக்கிறது என்று தேடுவதே போராட்டமாக இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. வீடியோவைப் பாருங்கள், ஆட்டத்தை ரசியுங்கள், அந்த எகிறி அடிக்கும் அடிக்கு நாங்களும் கைதட்டுகிறோம். பிறகு உங்கள் ஊரில் போட்டி நடக்கும் திடலின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பொங்கலுக்கு ஃபிக்சர் போடும் நாளுக்கு முன்னால் பதில் கைக்கு வரும்படி, இப்போதே.