தேங்காய்க்குச் சோதனை, செல்போனுக்கு வேண்டுகோள்

சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் இருமுடியில் உள்ள தேங்காயை விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகலாம் என்று 2024 அக்டோபர் கடைசியில் விலக்கு வந்தது. 2025 ஜனவரி 20 வரை அது செல்லும் என்றார்கள். அடுத்த சில நாள்களில் தொலைத்தொடர்புத் துறை தன் பங்குக்கு ஒரு விதித் திருத்தத்தை வெளியிட்டது. மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்த விமானத்தில் அனுமதி கிடைத்த பிறகே பயணிகளுக்கு வைஃபை என்கிறது அது. முதல் உத்தரவு புரிகிறது. இரண்டாவதுதான் எரிச்சலூட்டுகிறது.

ஃபிளைட் மோடில் போட்ட செல்போனைப் பயணம் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ 2014இலேயே சொல்லிவிட்டது. பிறகு எந்த அனுமதிக்காகக் காத்திருப்பது? விமானத்தில் செல்போன் சேவைக்கு 3,000 மீட்டர் உயரம் வேண்டும் என்றது 2018 விதி. நாளிதழ்கள் புதிய திருத்தத்தையும் அதே 3,000 மீட்டர் கணக்கில்தான் எழுதின. திருத்தத்தின் வாசகமோ அந்த உயர வரம்பு ஒருபுறம் இருக்கட்டும் என்கிற தொனியில் தொடங்குகிறது. எது ஆபத்து, எப்போது ஆபத்து என்று விதி எழுதியவர்களுக்கே தெளிவில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

தேங்காய் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. தேங்காயில் எண்ணெய் இருக்கிறது, தீப்பிடிக்கலாம். ஆகவே கேபினுக்குள் கூடாது. காய்ந்த கொப்பரையைச் சர்வதேச விதிகளே தானாகத் தீப்பற்றக்கூடிய சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கின்றன. பக்தர்களுக்கு விலக்கு தந்தபோதும் சும்மா தந்துவிடவில்லை. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கைச்சோதனை மூன்றையும் தாண்டினால்தான் நெய்த்தேங்காய் விமானம் ஏற முடிந்தது. மாலை போட்ட சாமியின் இருமுடியையே மூன்று முறை சோதித்த அரசு, அதே வரிசையில் அடுத்த ட்ரேயில் வரும் செல்போனை என்ன செய்கிறது? எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு உரியவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. லைட்டரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், ரேடியோ அலை பரப்பும் கருவியைத் திருப்பித் தருகிறார்கள். உள்ளே போனதும் ஒலிபெருக்கியில் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து ஃபிளைட் மோடில் போடுங்கள்.

போட்டோமா என்று யாராவது பார்க்கிறார்களா? பணிப்பெண் குனிந்து சீட் பெல்ட்டைப் பார்க்கிறார். சாய்ந்த இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறார். ஜன்னல் மூடியைத் தூக்கச் சொல்கிறார். செல்போன் திரையில் அந்தச் சின்ன விமானப் படம் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அரசு எதற்கு உண்மையிலேயே பயப்படுகிறதோ அதைச் சோதிக்கும். பயம் இல்லாததற்கு வேண்டுகோள் விடுக்கும்.

போடாமல் விடுபவர்களுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. விமானக் கட்டுப்பாட்டாளர்கள் மறக்க விரும்பும் எண்ணிக்கை அது. 2013இல் அமெரிக்கப் பயணிகளிடம் நடத்திய ஆய்வில், 30 சதவீதம் பேர் எப்போதாவது தங்கள் கருவியை அணைக்க மறந்து பறந்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2023இல் இந்திய உள்நாட்டு விமானங்களில் பயணம் செய்தவர்கள் 15.2 கோடிப் பேர். ஒவ்வொரு பயணத்திலும் அதே 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நான்கரைக் கோடிக்கும் மேல். அந்தக் கணக்கில் நாளொன்றுக்கு ஒன்றேகால் லட்சம் செல்போன்கள் ஃபிளைட் மோடு இல்லாமல் பறக்கும். 180 பேர் அமர்ந்த ஒரு விமானத்தில் 54 செல்போன்கள். அமெரிக்கக் கணக்கை இங்கே போடலாமா என்று கேட்பவர்கள் மீனம்பாக்கத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். சக்கரம் ஓடுபாதையைத் தொட்ட அதிர்வு அடங்குவதற்குள் முன் வரிசையில் ஒரு வாட்ஸ்அப் மணி, நடுவில் ஓர் இளையராஜா ரிங்டோன், பின்னால் ஒருவர், “மாப்ள, இறங்கிட்டேன், வண்டிய எடுத்துட்டு வா” என்கிறார். இவையெல்லாம் ஃபிளைட் மோடில் இருந்த போன்களா? நம் ஊரில் 30 சதவீதம் என்பதே குறைவு.

இத்தனை கோடி மீறல்களில் எத்தனை விமானங்கள் விழுந்தன?

ஃபிளைட் மோடின் பூர்வீகத்தைத் தோண்டினால், இந்தக் கவலை விமானத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. 1991இல் வானில் செல்போனைத் தடை செய்தது அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம். தரையில் நிற்கும் போனுக்கு அருகிலுள்ள சில கோபுரங்கள்தான் தெரியும். பத்தாயிரம் அடியில் பறக்கும் போன் ஒரே நேரத்தில் ஏராளமான கோபுரங்களின் பார்வையில் படும். கீழே உள்ளவர்களின் இணைப்பு குழம்பும். காப்பாற்றப்பட்டவை செல்போன் நிறுவனங்களின் கோபுரங்கள். அந்தத் தடையை விமானத்தின் உயிர்ப் பிரச்சினையாக மாற்றி, முப்பதாண்டுகளாக நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்குள்ளேயே சிறிய கோபுரம் வைத்துப் பயணிகள் பேச வழிசெய்தது எமிரேட்ஸ், அது 2008இல். விமான நிறுவனம் சோதித்து உறுதி செய்துகொண்டால் ஃபிளைட் மோடே தேவையில்லை என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2014இல் கதவைத் திறந்துவிட்டது. விமானத்தில் 5ஜி சேவைக்கு ஐரோப்பிய ஆணையம் 2022இல் பச்சைக்கொடி காட்டியது. ஐரோப்பாவில் பறக்கும் அதே ஏ320தான் சென்னையிலிருந்து கோவைக்கும் பறக்கிறது. கோவை வானத்துக்கு வந்ததும் அதன் மின்கம்பிகளின் காப்பு கழன்றுவிடுமா?

தொலைக்காட்சி விவாதங்களுக்கு வரும் ஓய்வுபெற்ற விமானிகள் ஹெட்செட்டில் கேட்ட இரைச்சலைச் சொல்வார்கள். உண்மைதான். 2ஜி போன் விநாடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். பழைய ரேடியோ பக்கத்தில் நோக்கியாவை வைத்தால், அழைப்பு வரும் முன்பே ‘டிட்டிட்டிட்’ என்று இரைந்ததே, அதே சத்தம்தான். 2ஜி போனின் உச்ச சக்தி 2 வாட். இன்றைய 4ஜி போனுக்குப் பொதுவாக 0.2 வாட். 4ஜி போனில் அந்த இரைச்சலுக்கு இடம் குறைவு.

அடுத்து விபத்துகளைக் காட்டுவார்கள். 2003இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே ஒரு சிறு விமானம் விழுந்து 8 பேர் இறந்தனர். செல்போன், கருவியைத் தவறாகக் காட்ட வைத்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. அந்த செல்போன் யாருடையது? விமானியுடையது! 2010இல் சிங்கப்பூரில் இறங்க வந்த ஜெட்ஸ்டார் விமானத்தில், கேப்டனின் போனுக்கு வரிசையாகக் குறுஞ்செய்திகள் வந்து அவர் கவனம் சிதறியது. சக்கரங்களை உரிய நேரத்தில் இறக்காமல் 500 அடிக்கும் கீழே வந்து, மறுபடி மேலே கிளம்ப வேண்டியதாயிற்று. ஆக, ஃபிளைட் மோடு அறிவிப்பைப் பயணிகளிடம் செய்வதைவிட விமானி அறைக்குள் செய்வதுதான் பொருத்தம். முன்னெச்சரிக்கை நல்லதுதானே என்று கடைசியாக ஒரு வாதம் வரும். சோதித்துப் பார்க்காத முன்னெச்சரிக்கைக்குச் சம்பிரதாயம் என்று பெயர்.

ஆபத்து உண்மை என்றால் அரசு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 5ஜி அலைகள் விமானத்தின் உயரமானியைக் குழப்புமோ என்று 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அச்சம் எழுந்தபோது, ஏர் இந்தியா அங்கு செல்லும் விமானங்கள் சிலவற்றை ரத்தே செய்தது. அதே ஆண்டு நவம்பரில் நம் தொலைத்தொடர்புத் துறை, டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட 5 விமான நிலையங்களில் ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள்ளும், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் 5ஜி கோபுரம் கூடாது என்று மீட்டர் கணக்கில் உத்தரவிட்டது. கோபுரத்திடம் யாரும் வேண்டுகோள் விடுக்கவில்லை. 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது, மாடல் பெயரைச் சொல்லியே விமானங்களில் தடை போட்டார்கள்.

செல்போனில் அஞ்ச வேண்டியது அதன் பேட்டரிதான். 2022 ஏப்ரலில் திப்ருகரிலிருந்து டெல்லிக்குப் பறந்த இண்டிகோ விமானத்தில் ஒரு பயணியின் போனிலிருந்து பொறியும் புகையும் கிளம்ப, பணியாளர்கள் தீயணைப்பானால் அணைத்தார்கள். ஃபிளைட் மோடு அதைத் தடுத்திருக்காது. இருக்கை இடுக்கில் போன் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள், பேட்டரி நசுங்கும் என்பது உயிர்காக்கும் அறிவுரை. அதைக் கேட்கக் காது இல்லை. அதற்கு முன் சொன்ன வெற்று அறிவுரைகளிலேயே காது மூடிவிட்டது.

விமானத்துக்கு வெளியிலும் இதே கதைதான். பெட்ரோல் பங்கில் செல்போன் பயன்படுத்தாதீர் என்று பலகை. அதற்குக் கீழேயே கியூஆர் கோடு ஒட்டி, போனை எடுத்து ஸ்கேன் செய்யச் சொல்கிறார் ஊழியர்.

நம்பாத விதியைக் கோடிக்கணக்கானவர்களுக்கு நாள்தோறும் படித்துக் காட்டுவது, விதிகள் எல்லாமே சும்மா என்று அரசே நடத்தும் வகுப்பு. ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் பையனுக்கும் சிவப்பு விளக்கைத் தாண்டும் பேருந்துக்கும் பாடம் அங்கிருந்துதான் வருகிறது. டிஜிசிஏ ஒவ்வொரு விமான வகையாகச் சோதித்து முடிவுகளை வெளியிடட்டும். செல்போன் ஆபத்து என்று தெரிந்தால் தேங்காயைப் போல வாசலிலேயே நிறுத்தட்டும். இல்லை என்றால் ஃபிளைட் மோடு அறிவிப்பை அடுத்த மாதமே ஒழித்துவிட்டு, அந்த அரை நிமிடத்தைப் பேட்டரி எச்சரிக்கைக்குக் கொடுக்கட்டும்.