மார்கழி விடியலும் மூச்சும்

அதிகாலைக் காற்று தூயது என்பர். மார்கழி, தை மாதங்களில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு இது பொருந்தும் என்று நான் கருதவில்லை. தெளிந்த இரவில் நிலம் குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. மேலுள்ள வெப்பக்காற்று மூடிபோல் நிற்பதால், அடுப்புப் புகையும் குப்பைப் புகையும் மேலெழ வழியின்றித் தரையருகே தேங்குகின்றன. அமெரிக்காவில், ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள டொனோராவில், 1948 அக்டோபரில் ஆலைப்புகை இவ்வாறு சில நாட்கள் தேங்கியதில் 20 பேர் இறந்தனர்.

அபிஷேகப்பாக்கத்தைச் சூழ மலைகள் இல்லை. பகலில் கடற்காற்றும் உண்டு. காற்று அடங்கிய விடியலில் அந்த உதவி கிடைப்பதில்லை. அந்நேரத்தில்தான் போகியன்று வாசலில் பழைய டயரை எரிக்கிறோம். உள்ளே இழுப்பு நோயுள்ள பாட்டி படுத்திருக்கிறார்.

டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள். நடைப்பயிற்சியை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரில் மருந்து மீதமுள்ளதா என்று போகிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.