விசேஷம் கேட்கும் முன்

கோவையில் சத்தி சாலையின் இருமருங்கிலும் கணினி நிறுவனங்கள் எழும்பி, சரவணம்பட்டி தன் பழைய கிராம ரூபத்தை ஏறக்குறைய இழந்துவிட்ட இந்நாளிலும், விவாகமாகி மூன்று மாதம் கழிவதற்குள் ‘ஏனுங்க, விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?’ என்று உறவினர் கேட்கும் வழக்கம் மட்டும் சற்றும் மாறவில்லை. கேட்பவர் மனத்தில் களங்கமில்லை. ஆயினும் லூபஸ் என்னும் வியாதியுள்ள பெண்ணுக்கு அக்கேள்வி மூட்டும் அவசரம் ஆபத்தாகவே முடியக்கூடும்.

தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தேகத்தின்மீது திரும்பி, மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிற இவ்வியாதியுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் ஸ்திரீகள். இவர்கள் கருத்தரிப்பதே தகாதென்று வைத்தியர்கள் தடுத்த காலம் ஒன்றுண்டு. இன்றோ, வியாதி ஆறு மாதமேனும் அடங்கியிருந்த பிறகு கருத்தரிக்கலாம் என்கிறார்கள். வியாதி தணிந்திருந்த 385 கர்ப்பிணிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 81 பேருக்குப் பெரிய விக்கினம் ஏதும் நேரவில்லை.

அந்த ஆறு மாதம் வீணே கழியும் காலமன்று. சிசுவுக்கு ஊறு செய்யும் மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றை நிறுத்தி, அசாதயோபிரின் போன்ற மாற்று மருந்தைத் தந்து, அதன்கீழும் வியாதி அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும், கருச்சிதைவு உண்டாக்கக்கூடிய, சிசுவின் இதயத் துடிப்பைத் தடுக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உண்டா என்று சோதிப்பதும் அப்பொழுதே செய்யத்தக்கவை. ‘வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது’ என்று பெரியவர்கள் பரிவோடு நிறுத்தச் சொல்லும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையோ, பிரசவம் வரையிலும் அதன் பின்னும் தொடரவேண்டிய ஔஷதம். அதை நிறுத்தினால் வியாதி மீண்டும் தலைதூக்கக்கூடும்.

நம் ராஜ்யத்தில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடும், முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் நிதியுதவியும், மாதந்தோறும் 9-ஆம் தேதி நடைபெறும் இலவசப் பரிசோதனையும் போற்றத்தக்கவையே. ஆனால் இவையாவும் கருவுற்ற பின்னரே தொடங்குகின்றன. கிராம சுகாதார செவிலியரிடம் தம்பதியர் பதிவேடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ‘நாள்பட்ட மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?’ என்ற ஒரு வினாவை அதிற் சேர்த்து, ‘ஆம்’ என்னும் பெண்ணை, கருத்தரிப்பதற்கு முன்பே மூட்டுவாத நிபுணரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்கும்படி அனுப்புவதற்குப் புதிய கட்டிடமோ பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண்ணெடுக்கும் குடும்பத்தார், அவள் மருந்துச் சீட்டை ஒளித்துவைக்க வேண்டாதபடி நடந்துகொண்டால், அவ்வினாவுக்கு அவள் உண்மையான விடையளிப்பாள்.