பதிவேட்டுக்குப் பொறுப்பாளி யார்?

பல நாட்டுச் சர்க்கார் இலாகாக்களில் ஒரு புதிய உத்தியோகம் முளைத்திருக்கிறது. தரவுச் சேவைக்குத் தலைமை தாங்கும் புராடக்ட் மேனேஜர் என்று அதற்குப் பெயர். நம் நாட்டிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. பெயரைக் கேட்டதும், இது கோட்டையிலே குளிர்சாதன அறையிலே பேசிக்கொள்ளும் விவகாரம், தண்டலத்தில் ஷிப்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பி.எப். பணம் கைக்கு வருமா, வராதா என்பது அந்த ஒரு நாற்காலியைப் பொறுத்த சங்கதி. அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறாரா? இருந்தால் அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? அதிகாரம் இருந்தால், அவருக்குத் தொழிலாளியைத் தெரியுமா? இதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

தரவு என்று இன்று சொல்வதை நேற்றுவரை பதிவேடு என்றோம். பேர், ஊர், வயது, வேலைக்குச் சேர்ந்த நாள், விலகிய நாள், பிடித்த பணம், கட்டிய பணம். முன்பு காகிதத்தில் இருந்தது, இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பதிவேட்டை நடத்துவது என்றால் என்ன என்பதை இருங்காட்டுக்கோட்டையில் கார் லைனில் நிற்கும் தோழருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. கதவு பொருத்துகிறவர் ஒருவர், சக்கரம் மாட்டுகிறவர் ஒருவர், சாயம் அடிக்கிறவர் ஒருவர். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தாலும், கடைசியில் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஓடாத வண்டியை வெளியே அனுப்பிவிட்டு, “என் பங்குக்குக் கதவு சரியாக மாட்டினேனே” என்று சொன்னால் முதலாளி விடுவானா? ஆலையில் விடமாட்டான். ஆனால் சர்க்கார் இலாகாவில் அந்தப் பதில் செல்லுபடியாகிறது. மென்பொருள் எழுதிய கம்பெனி தன் பங்கு முடிந்தது என்கிறது. காண்டிராக்டர் நான் பணம் கட்டிவிட்டேன் என்கிறார். காரியாலயத்தில் இருப்பவர், பெயர் பொருந்தவில்லை, கம்ப்யூட்டர் ஏற்கவில்லை, நான் என்ன செய்வேன் என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பணம் வரவில்லை!

வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-ல் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவிகிதம் பிடிக்கிறார்கள். நிர்வாகமும் தன் பங்குக்கு 12 சதவிகிதம் தரவேண்டும். அதிலே 8.33 சதவிகிதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. நிதியை நடத்தும் செலவுக்காக நிர்வாகத்திடமிருந்து தனியாக ஒரு தொகை வசூலிக்கிறார்கள். ஆகவே இந்த இலாகாவை யாரும் தருமத்துக்கு நடத்தவில்லை. நம் வியர்வையில் விளைந்த பணம், நம் உழைப்பின் கணக்கிலே நடக்கும் காரியாலயம். 2014-ல் 12 இலக்கங்களில் ஒரே எண்ணை, யு.ஏ.என். என்று, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். வேலை மாறினாலும் எண் மாறாது என்றார்கள். நல்ல யோசனை. நாம் அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம்.

பிறகு என்ன நடந்தது? 2022-23-ல் வேலையைவிட்டு விலகி இறுதிக் கணக்கு முடிக்கக் கேட்டு வந்த மனுக்கள் 73.87 லட்சம். அவற்றில் 24.93 லட்சம் தள்ளுபடி! மூன்றில் ஒன்று. 2017-18-ல் தள்ளுபடியானது ஏறக்குறைய 13 சதவிகிதம்தான். கம்ப்யூட்டர் வளர வளர, தள்ளுபடியும் வளர்ந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப மனுப் போட்டதும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும். ஒரே ஆள் ஏன் திரும்பத் திரும்ப மனுப் போட நேர்ந்தது என்று நாம் கேட்கக்கூடாதா?

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். நம் பெயரிலேயே இருக்கிறது. முருகன் மகன் செல்வம் என்று ஒரு தோழரை வைத்துக்கொள்வோம். தமிழனுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது, தன் பெயர் இருக்கிறது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டி எறிந்த மண் இது. அது நமக்குப் பெருமை. ஆனால் வருமானவரி இலாகாவின் பான் அட்டைப் படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது, தலைப்பெழுத்து கூடாது என்கிறது. அங்கே அவர் முருகன் செல்வம் ஆகிறார். ஆதாரில் மு. செல்வம். காண்டிராக்டரின் கணக்குப்பிள்ளை அவசரத்தில் எழுதியது செல்வம் மு. பாங்கி பாஸ்புத்தகத்தில் வெறும் செல்வம். ஒரே ஆள் நாலு பேராகிவிட்டார். இதற்கு மேலே இங்கிலீஷ் எழுத்துத் தொல்லை வேறு. சண்முகத்துக்கு எத்தனை எழுத்து? தமிழ்ச்செல்வனின் ழகரத்தை ஒருவர் ஓர் எழுத்தில் எழுதுவார், மற்றவர் ஈரெழுத்தில் எழுதுவார். தாய் வைத்த பெயர் ஒன்று. கம்ப்யூட்டர் கண்ட பெயர் பல.

இதைப் பிழை என்று தொழிலாளியின் தலையில் கட்டுகிறார்கள். நாம் மறுக்கிறோம். கட்டம் போட்டவன் தவறு அது. யாருக்காகக் கட்டம் போடுகிறோமோ அந்த மக்களின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் கட்டம் போட்ட தவறு. பதிவேட்டுக்குத் தலைமை தாங்க ஓர் ஆள் இருந்திருந்தால், ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரகடத்தில் ஓர் ஆலை வாசலில் நின்று பத்துப் பேருடைய அட்டைகளை வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வயது விஷயம் இன்னும் கொடுமை. கிராமத்தில் பிறந்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் வைத்ததுதான் பிறந்த தேதி. வேலைக்குச் சேர்ந்தபோது வாய்ச்சொல்லாகச் சொன்னது இன்னொரு தேதி. 2024 ஜனவரியில் வைப்புநிதி இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது. பிறந்த தேதியைத் திருத்தக் கொடுக்கும் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. எல்லாவற்றுக்கும் ஆதார் கொண்டுவா என்று விரட்டியவர்கள், வயதுக்கு அது ஆகாது என்றார்கள். அடுத்த மாதமே கொச்சியில், வைப்புநிதி காரியாலயத்திலேயே, ஓய்வுபெற்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறந்த தேதி முரண்பட்டதால் பணம் கிடைக்காமல் அலைக்கழிக்கப்பட்டார் என்பது குடும்பத்தார் சொன்ன குற்றச்சாட்டு. அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதி அவர் வீட்டார் துயரத்தைக் கிளற நாம் விரும்பவில்லை.

இதற்கு வழியே இல்லையா? கம்ப்யூட்டர் பிறக்காத காலத்திலேயே வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1936 நவம்பரில் தபாலாபீஸ்கள் மூலம் படிவம் கொடுத்து, அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் சுமார் 3 கோடிப் பேரைப் பதிந்தார்கள். பல தேசங்களிலிருந்து குடியேறியவர்கள், பல பாஷைப் பெயர்கள், பல எழுத்துக்கூட்டல். பால்டிமோர் நகரில் அந்தப் பெயர்களை அடுக்கியபோது எழுத்துப்படி அடுக்கவில்லை, ஒலிப்படி அடுக்கினார்கள்! ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள், எப்படி எழுதியிருந்தாலும், பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். சவுண்டெக்ஸ் என்பது அந்த முறைக்குப் பெயர். பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்கு? பழைய ஜனத்தொகைக் கணக்கு ஏடுகளை எடுத்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடியவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, அந்த ஏடுகளுக்கும் ஒலிப்படி அட்டவணை தயாரித்தார்கள். இன்ன வீட்டில் 1880-ல் இந்தக் குழந்தை இருந்தது, ஆகவே வயது சரி என்று சர்க்காரே தேடிக் கண்டது. அமெரிக்கச் சட்டத்துக்கு நாம் ஆலாத்தி எடுக்கவில்லை. விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்தவர்களையும் அன்று அந்தத் திட்டம் வெளியே நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. ஆனால் சான்று தேடும் சுமையைக் கிழவர் தலையில் வைக்காமல் இலாகா தன் தோளில் ஏற்றிக்கொண்டதே, அது பாடம் இல்லையா?

நம் இலாகாவாலும் முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. காண்டிராக்டர் வேலையைவிட்டு நிறுத்துவார், ஆனால் விலகிய தேதியைப் பதியமாட்டார். தேதி இல்லாவிட்டால் பணம் எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. காண்டிராக்டரைத் தேடிப் போனால் அவர் கடையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார். மெஷின் அதே மெஷின், ஆள் அதே ஆள், காகிதத்தில் மட்டும் காண்டிராக்டர் மாறிக்கொண்டேயிருக்கும் நம் பகுதியில் இது எத்தனை பேரை வாட்டியது என்று தோழர்களுக்குத் தெரியும். 2020 ஜனவரியில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்தால் தொழிலாளியே விலகிய தேதியைப் பதியலாம். ஒரே ஒரு பொத்தான்! கல்லில் நார் உரிப்பது போல் இருந்த காரியம் கைக்குள் வந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு படி. 2017 அக்டோபர் 1 முதல் ஆதார் கொண்டு பெற்ற எண்ணாக இருந்தால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமலே தொழிலாளி திருத்தலாம் என்றார்கள்.

இதை நாம் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: ஆளுக்கொரு எண் கொடுத்தது 2014-ல். தன் பெயரைத் தானே திருத்தும் உரிமை வந்தது 2025-ல். நடுவே போன பத்து ஆண்டுகளுக்கு யார் ஜவாப்தாரி? 2017-க்கு முன்னே எண் வாங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தத் தலைமுறையில் வேலை பார்த்தவர்கள், ஆலையிலும் காண்டிராக்டரிடமும் இருந்தவர்கள், எல்லோரும் பழைய எண்காரர்கள்தான். வழக்கம்போல மந்திரி அறிக்கை விடுவார், இலாகா சுற்றறிக்கை விடும், அதிகாரி மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வந்து மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். பதிவேட்டை அறிந்த மனிதர் நாலைந்து வருஷம் ஒரே நாற்காலியில் இருந்து, எந்தக் கேள்வி வேண்டும், எந்தக் கேள்வி வேண்டாம், எந்த விதி மாறவேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு இல்லை. மென்பொருள் கம்பெனியைக் கூப்பிட்டு இதை இப்படி மாற்று என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயர்ப்பலகைக்கு மட்டும் தலைவர்.

ஏடு திறப்பது வேறு, ஏடு நடத்துவது வேறு. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-ல் ஒரு சட்டம் போட்டார்கள். காண்டிராக்டர் விவரம் தரவேண்டும், ஆளுக்கொரு பாஸ்புத்தகம் தரவேண்டும் என்றது சட்டம். 2020-ல் ஊரடங்கு வந்தது. லட்சோபலட்சம் பேர் நடந்தே ஊர் போனார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனை என்று அந்த ஆண்டு செப்டம்பரில் பார்லிமென்டில் கேட்டபோது, அப்படிப்பட்ட விவரம் இல்லை என்றது தொழிலாளர் இலாகா! நாற்பது ஆண்டு ஏட்டின் லட்சணம் அது. பிறகு சுப்ரீம் கோர்ட் கெடு வைத்து, 2021 ஆகஸ்ட் 26-ல் இ-ஷ்ரம் ஏடு திறந்தார்கள். பதிந்தவர்கள் 30 கோடியைத் தாண்டினார்கள். 30 கோடி, 30 கோடி என்று விளம்பரம் செய்தார்கள். பதிந்த அட்டையால் எத்தனை பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்ற கணக்கு அல்லவா நமக்கு வேண்டும்?

மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவோடு நமக்குச் சண்டை இல்லை. அவரும் சம்பளக்காரர். மனு மலைபோல் குவிகிறது, ஆள் போதவில்லை, திருத்த அதிகாரமும் அவருக்குக் கிடையாது. நம் கோரிக்கை மேலே இருப்பவர்களிடம். உறுப்பினர் பதிவேட்டுக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளி வேண்டும். எந்தக் காரியாலயத்தில், எந்தக் காரணத்துக்காக, எத்தனை மனுக்கள் தள்ளுபடி என்பதை மாதாமாதம் வெளியிடவேண்டும். தலைப்பெழுத்து முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கவேண்டும். புதிய படிவம் எதுவானாலும், டில்லியில் திறப்பு விழா நடத்துவதற்கு முன்னே, ஒரு வாரம் தண்டலத்துக்குக் கொண்டுவந்து, நைட் ஷிப்டு முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி அதைத் தன் கைப்பேசியில், இன்டர்நெட் கடைக்காரருக்குக் காசு அழாமல், நிரப்ப முடிகிறதா என்று பார்க்கவேண்டும்.

வைப்புநிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பத்து இடம் உண்டு. அவர்கள் வட்டி விகிதத்துக்காக வாதாடுகிறார்கள், வாதாடட்டும். தள்ளுபடிப் பட்டியலையும் கேட்டு வாங்கட்டும். அதற்கு அவர்கள் கையில் ஆதாரம் வேண்டும். நம் கிளைத் தோழர்கள் இந்த மாதச் சம்பள நாளில் ஆலை வாசலில் ஒரு மேஜை போடுங்கள், ஒரு நோட்டு வையுங்கள். ஆதார் எண், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் எதையும் யாரிடமும் கேட்கவேண்டாம், எழுதவும் வேண்டாம். மனுப் போட்ட தேதி, தள்ளுபடிக்குச் சொன்ன காரணம், எத்தனையாவது தடவை, இவை போதும். காண்டிராக்டர் விலகிய தேதியைப் பதியாதிருந்தால் அதைத் தனியாகக் குறியுங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மூன்று இடத்து நோட்டும் சேர்ந்ததும், அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னே பிரதிநிதிகளிடம் சேர்ப்பிப்போம்.