பிரம்பு கேட்கிறார்கள்!



பெருமாநல்லூர் நால் ரோட்டிலே நின்று தேநீர் அருந்துவோர் முதல், தொலைக்காட்சியிலே அமர்ந்து தீர்ப்பு வழங்குவோர் வரை, ஒரே குரலில் ஒன்றைக் கேட்கிறார்கள். "பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்! ஆசிரியர் கையிலே மீண்டும் பிரம்பைக் கொடுங்கள்!"

ஆசிரியருக்காகக் கண்ணீர் வடிக்கிறார்களாம்! நம்பிவிடாதீர்கள். ஆசிரியரின் வேதனை மெய். இவர்கள் எழுதித் தரும் மருந்துதான் பொய்.

2012 பிப்ரவரி 9ஆம் நாள், சென்னையிலே, வகுப்பறைக்குள்ளேயே, ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். 2022 ஏப்ரலில் ஆம்பூரை அடுத்த மாதனூரில், ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை அடிக்கப் பாய்ந்தான் ஒரு மாணவன். அதைக் கைப்பேசிப் படமாக நாடே பார்த்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் மாணவனை மாணவன் அரிவாளால் வெட்ட, தடுக்கச் சென்ற ஆசிரியையும் காயமுற்றார்.

இவை செய்தித்தாள் கண்ட காயங்கள். காணாத காயம் நாள்தோறும் விழுகிறது. கரும்பலகைப் பக்கம் முகம் திரும்பியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கை. பெயர் சொல்லி அழைத்தால், பதிலாக ஒரு பட்டப்பெயர். "வீட்டுப்பாடம் எங்கே?" என்றால் ஓர் அலட்சியச் சிரிப்பு, அந்தச் சிரிப்பை நாற்பது வாய்கள் வாங்கிக்கொள்கின்றன. மணியடித்தால் அடுத்த வகுப்பு. அங்கேயும் அதே அரங்கேற்றம். தொண்டை புண்ணாகிறது. தூக்கம் தொலைகிறது. ஞாயிறு மாலையிலேயே திங்கட்கிழமையை நினைத்து நெஞ்சு படபடக்கிறது. மேலே உள்ளவரிடம் முறையிட்டால், "வகுப்பைக் கட்டி மேய்க்க உங்களுக்குத் தெரியவில்லை" என்கிறார். உறவினரிடம் சொன்னால், "கை நிறையச் சம்பளம் வாங்குகிறாயே, பிறகென்ன?" என்கிறார். ஆகவே சொல்வதையே நிறுத்திவிடுகிறார் ஆசிரியர். மாத்திரை மட்டும் ஒன்று இரண்டாகிறது.

நான் மேடையிலே முழங்குபவன். எனக்கு ஒலிபெருக்கி உண்டு, சோடா உண்டு. எவனாவது சீழ்க்கையடித்தால் அது எனக்கு மாலை! அந்த ஆசிரியைக்கு அது அம்பு. ஒரு நாளில் ஆறு முறை, ஆண்டில் இருநூறு நாள், அம்பு தைத்த நெஞ்சோடு பாடம் நடத்துவதை ஒழுங்குப் பிரச்சினை என்று பெயரிட்டு ஒதுக்குவதா? எந்திரத்திலே விரல் போனால் வேலைக் காயம் என்கிறோமே, இது என்ன காயம்?

சரி, அந்தப் பையன் யார்? வேற்று நாட்டிலிருந்து வந்தவனா? நம் பனியன் கம்பெனித் தோழனின் மகன்தான். தாய் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்குப் போனவள் இரவு எட்டரைக்குத் திரும்புகிறாள். தந்தை இரவு ஷிப்டு. அவனோடு பேசுவதற்கு வீட்டிலே இருப்பது கைப்பேசி ஒன்றுதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது கம்பெனிக்குப் போய்க் கூலி கண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். சனிக்கிழமைக் கூலியை எண்ணிய கையை, பெருக்கல் வாய்பாட்டுக்கு மீண்டும் கட்டிப்போடுவது அவ்வளவு எளிதா? பக்கத்து இருக்கையிலே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பத்துக் குழந்தை. ஆசிரியர் சொல்லும் சொல் புரியாமல் விழிக்கிறது. விழிப்பு சலிப்பாகிறது, சலிப்பு கூச்சலாகிறது.

இவர்களைத் திருத்த ஒரு வழி சொன்னார்கள். ஆசிரியரிடம் முறைகேடாக நடக்கும் மாணவன் நீக்கப்படுவான், மாற்றுச் சான்றிதழிலேயே காரணம் எழுதப்படும் என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலே அறிவிப்பு வந்தது. கைதட்டினார்கள் பலர். நான் கேட்கிறேன்: நீக்கப்பட்டவன் எங்கே போவான்? மறுநாள் காலை "ஆட்கள் தேவை" பலகை தொங்கும் கதவுக்கு முன்னே நிற்பான். அங்கே சான்றிதழைக் கேட்பாரும் இல்லை. காரணத்தைப் படிப்பாரும் இல்லை. அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று 1953இலே வந்த திட்டத்தை 1954இலே விரட்டிய நாடு இது. இன்று முழுநாளும் அப்பன் தொழிலுக்கே அனுப்பி வைத்து, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் சூட்டுவதா?

பிரம்போ இன்னும் மோசம். யார் முதுகிலே விழுந்தது அது? பண்ணையார் மகன் முதுகிலா? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலே அடியைத் தடை செய்தது ஏழைக் குழந்தைக்குக் கிடைத்த வெற்றி. அதை ஆசிரியரின் பெயராலே பறிக்க வருகிறார்கள். அதே சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறதே, அதை ஏன் கேட்பதில்லை? கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு வேலை ஆசிரியருக்குத் தரக்கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அதை ஏன் முழங்குவதில்லை? பிரம்புக்குச் செலவு இல்லை. ஆசிரியர் பணியிடத்துக்குச் செலவு உண்டு. அவ்வளவுதான் இரகசியம்!

ஆசிரியர் தொழிலின் நிலை குறித்து 1966 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசிலே உலக நாடுகள் கூடி ஒரு பரிந்துரையை ஏற்றன. அதை உருவாக்குவதில் யுனெஸ்கோவுடன் தோள் கொடுத்தது எது தெரியுமா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு! ஆசிரியரின் துயரம் தொழிலாளியின் துயரம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து, 1970 ஜூன் 19ஆம் நாள் மூன்று உழவர்களைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஊர் பெருமாநல்லூர். 1984இலே பஞ்சப்படி கேட்டு மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் திருப்பூர்த் தொழிலாளர்கள். சுமை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துச் சுமையை மட்டும் ஏன் அடுத்தவர் சுமையாக எண்ணுகிறோம்?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அதாவது, தோழர்களே, நீங்கள்! எத்தனை பணியிடம் காலி? மனநல ஆலோசகர் எப்போது வருவார்? தாக்கப்பட்ட ஆசிரியர் யாரிடம் முறையிட வேண்டும்? ஏட்டிலே எழுத வைத்துக் கேளுங்கள். கூட்டத்தை வார நாளிலே வைத்தால் கம்பெனியிலிருக்கும் தாய் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கச் சொல்லுங்கள்.