முதியோர் விடுதியும் புண்ணியக் கணக்கும்

முதியோர் விடுதி என்றதும் நம் மக்களுக்கு ஞாபகம் வருவதெல்லாம் அன்னதானம்தான். தகப்பனார் திதி, குழந்தையின் பிறந்த நாள் என்றால் ஒரு அண்டா சாம்பார் சாதமும் ஒரு கூடை லட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், புண்ணியம் வரவில் ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்ளுகிறார்கள். அங்குள்ள கிழவருக்கு நீரிழிவு உண்டா, அவர் லட்டு தின்னலாமா, ராத்திரி தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

நாம் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். முகப்பில் கொடையாளிகளின் பெயர் வெட்டிய சலவைக்கல் பளபளவென்றிருந்தது. உள்ளே ஒரு அம்மையார் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு கிடந்தார். "ஏனம்மா இப்படி?" என்று கேட்டோம். அவர் வாய் திறக்குமுன் விடுதிக்காரர் முந்திக்கொண்டு, "என்ன செய்வதுங்க, அது அவங்க கர்மம்" என்றார்.

கர்மமா? தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். அசைய முடியாத உடம்பு ஒரே பக்கமாய்க் கிடந்தால், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. தோல் செத்துப் புண்ணாகிறது. இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்து, ஈரத் துணியை மாற்றி, சத்துள்ள ஆகாரமும் கொடுத்து வந்தால் பெரும்பாலும் அந்தப் புண் வருவதில்லை. முன்ஜென்மப் பாவத்தை ஒரு ஆயாவின் இரண்டு கைகள் தடுத்துவிடுமானால், அது பாவமா அல்லது ஆள் பற்றாக்குறையா?

கனடா தேசத்தில் கியூபெக் மாகாணத்து லில்-வெர்ட் என்னும் ஊரில் 2014 ஜனவரியில் ஒரு முதியோர் இல்லம் தீப்பற்றி 32 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் புதிய பகுதியில் தானாகவே நீர் தெளிக்கும் குழாய்கள் இருந்தன; பழைய பகுதியில் இல்லை. அந்தப் பழைய பகுதிதான் எரிந்து அழிந்தது. விதி என்ன, குழாய் இருக்கும் பக்கத்தைப் பார்த்தா ஒதுங்கிப் போயிற்று?

நம் நாட்டிலும் 2007-ல் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் செய்தார்கள். அதன் 19-வது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோராவது தங்கும்படியான இல்லங்களைச் சர்க்கார் அமைக்கலாம், அவற்றில் இருக்கவேண்டிய தரத்தையும் வைத்திய வசதியையும் வகுக்கலாம் என்கிறது. கவனியுங்கள்: "வேண்டும்" அல்ல, "லாம்"! தள்ளாத கிழவியின் உயிர் அந்த "லாம்" என்னும் ஒரு எழுத்துக்கூட்டில் தொங்குகிறது.

ஆகவே, விடுதிக்குப் போகிறவர்கள் லட்டுக் கூடையை வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். ராத்திரியில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? வேளாவேளைக்கு மருந்து கொடுத்ததற்குக் குறிப்பு உண்டா? குளிக்கும் அறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார்? நெருப்புப் பிடித்தால் எழுந்து நடக்க முடியாதவரைத் தூக்குவது யார்? பதில் இல்லையென்றால் கலெக்டருக்கு எழுதுங்கள். லட்டுக் காசை ஒரு ராத்திரி ஆளின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

முதியோர் நம்மிடம் கேட்பது பிச்சையல்ல. உழைத்து ஓய்ந்தவர்களின் பாத்தியதை. நாமும் நாளைக்கு அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர்கள்தானே?