நிதி மேலாண்மை படிப்பது ஹராமா?

எம்.பி.ஏ. முதலாண்டு முடிந்ததும் எந்தத் துறையில் சிறப்புப் பாடங்களை எடுப்பது என்ற கேள்வி எழுகிறது: நிதியா, சந்தைப்படுத்தலா, மனிதவளமா, தளவாடமா? வானகரம், பூந்தமல்லி, ஆவடி பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில், "நிதி வேண்டாம், அது வட்டிப் படிப்பு" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த அச்சத்தின் பின்னுள்ள ஈமான் மதிக்கத்தக்கது. ஆனால் அம்முடிவு சரியானதன்று.

வட்டியை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ளது. அந்த எச்சரிக்கை வட்டியில் ஈடுபடுவோருக்கானது. வட்டி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்று அறிவது வேறு. அவ்வொப்பந்தத்தை எழுதுவது வேறு. 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தில் வட்டி ஒளிந்திருந்தால், அதைக் கண்டுகொள்ள இக்கல்வியே உதவும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூசுப் (அலை) அவர்கள், பாதுகாக்கும் பண்பையும் அறிவையுமே தம் தகுதிகளாக முன்வைத்தார்கள்.

நம் சமுதாயத்திற்கு இத்தகையோர் இன்று தேவை. கடைக்காரர் ஒருவர் ஜகாத் கணக்கிட, சரக்கின் இன்றைய விலை, வர வேண்டிய பாக்கி, தர வேண்டிய கடன் ஆகியவற்றை அறிய வேண்டும். வக்ஃபு சொத்தின் வாடகைக்கும் ஜமாஅத்தின் வரவு செலவுக்கும் ஒழுங்கான தணிக்கை வேண்டும். பங்கு முதலீட்டில் ஹலாலைப் பிரித்தறிய, நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை வாசிக்கத் தெரிய வேண்டும். தேசியப் பங்குச் சந்தையே ஷரீஆ அடிப்படையிலான குறியீடுகளை வெளியிடுகிறது.

உண்மையான சோதனை வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே வருகிறது. வட்டியில்லா வங்கி முறையை ரகுராம் ராஜன் குழு 2008-இல் பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது 2017-இல் தெரியவந்தது. ஆகவே, நிதி படித்தவரைத் தேடி வங்கிக் கடன் பிரிவுகளின் அழைப்பு வரக்கூடும். அதை மறுக்கும் உறுதி, படிப்பில் சேரும்போதே வேண்டும்.

மாற்று வழிகள் அருகிலேயே உள்ளன. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குச் செலவுக் கணக்கும் நடைமுறை மூலதனமும் அறிந்தவர்கள் தேவை. கோயம்பேடு சந்தைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே, பூந்தமல்லி நெடுஞ்சாலையும் புறவழிச்சாலையும் சந்திக்கும் பகுதியில் அமைந்தது வானகரம். இரு துறைகளை எடுக்கக் கல்லூரி அனுமதித்தால், நிதியுடன் தளவாடத்தை இணைப்பது இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும்.

மற்றத் துறைகளும் தாமாகவே தூய்மையாகிவிடுவதில்லை. நனைந்த தானியத்தை உள்ளே மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சந்தைப்படுத்தல் பயில்வோருக்கான பாடம் அது.

பெற்றோர்களே, தடை விதிக்குமுன் பிள்ளைக்கு எண்களில் நாட்டம் உண்டா என்று பாருங்கள். ஓர் ஆலிமிடமும் அத்துறையில் பணிபுரியும் ஒருவரிடமும் ஆலோசனை கேளுங்கள். பிள்ளையை இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள். பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் நம் மக்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.